புளிக்குழம்பு தாங்குமா, சார்?

"உங்க பையன் என்ன பண்றாப்ல?" என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டால், "கல்லு பொறுக்கறான்" என்பாள் அம்மா. "அரிசி மில்லுலயா?" என்று அடுத்த கேள்வி வரும். "இல்ல, பெரிய பெரிய ஓட்டலுக்கு." கேட்டவர் அதற்கு மேல் கிளற மாட்டார். ஓட்டல் அரிசியில் அத்தனை கல்லா என்ற கவலையோடு பந்திக்குப் போய்விடுவார்.

அம்மா சொல்வதில் பொய் ஏதும் இல்லை. கோவளத்தில் தொடங்கி மாமல்லபுரம் தாண்டிக் கல்பாக்கம் வரைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முளைக்கிற ரிசார்ட்டுகளுக்கும், சனி ஞாயிறு மட்டும் விளக்கெரியும் பங்களாக்களுக்கும் எந்த இடத்தில் எந்தக் கல் போடுவது என்று பார்த்துச் சொல்வதுதான் செங்கல்பட்டில் இருந்துகொண்டு நான் செய்யும் பிழைப்பு. ஆர்க்கிடெக்ட் வடிவம் சொல்வார். இன்டீரியர் டிசைனர் நிறம் சொல்வார். பணம் போடுகிறவர் போனை நீட்டிப் படம் காட்டுவார். மூன்று பேரும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளாமல் இருக்க, நடுவில் நின்று திட்டு வாங்குவதற்கென்று ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளமும் உண்டு என்பது கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித்தராத செய்தி.

அந்தப் போன் படம்தான் எல்லா வேலைக்கும் பிள்ளையார் சுழி. துபாயில் ஒரு லாபி, இல்லையென்றால் ஏதோ ஒரு கிரிக்கெட் வீரரின் வரவேற்பறை. "இதே கல்லு வேணும், இதே கோடு வேணும்." படத்தில் இருப்பது கல்லா, கல் போல அச்சடித்த டைல்ஸா, கம்ப்யூட்டரில் வரைந்ததா என்று கண்டுபிடிப்பதிலேயே முதல் கூட்டம் முடிந்துவிடும். அதன் பிறகுதான் நான் என் கேள்விகளை எடுப்பேன். வீட்டில் யார் சமைப்பார்கள்? சமையல்காரம்மாவா, மாமியாரா? சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற ஆள் யாராவது உண்டா? வீட்டுக்குள் செருப்புப் போடுவீர்களா? நாய் இருக்கிறதா? கடல் எவ்வளவு தூரம்? ஒரு தொழிலதிபர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டார்: "தம்பி, நீங்க கல்லு பாக்க வந்தீங்களா, சம்பந்தம் பேச வந்தீங்களா?"

ஏறக்குறைய சம்பந்தம்தான். கல்லை ஒருமுறை ஒட்டிவிட்டால் அப்புறம் விலக்க முடியாது.

வாங்குகிறவர்கள் ஏமாறும் முதல் இடம் பெயர். இந்த வியாபாரத்தில் கல்லுக்குப் பெயர் வைக்கிற மனிதர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தால் ஒரு சால்வையோடு போய்ப் பார்ப்பேன். காஷ்மீர் வைட் என்ற வெள்ளை கிரானைட் மதுரைக்குப் பக்கத்தில் மேலூர் வட்டாரத்தில் வெட்டுவது. பனி என்றால் அங்கே மார்கழிப் பனி மட்டும்தான். குல்மார்க்கில் தேனிலவு கொண்டாடிய ஒரு தம்பதி, "எங்களுக்குக் காஷ்மீர்னா ஒரு சென்டிமென்ட் சார்" என்று படுக்கையறை முழுக்க அதையே கேட்டார்கள். நல்ல கல்தான், போட்டுக் கொடுத்தேன். மேலூர் பற்றி மூச்சு விடவில்லை. பாரடைசோ என்று ஒன்று உண்டு; சொர்க்கம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. கறுப்பில் பொன் புள்ளி மின்னும் பிளாக் கேலக்ஸி, ஆந்திராவில் ஓங்கோலுக்குப் பக்கத்தில் சீமகுர்த்தியிலிருந்து வருவது. உலகம் முழுக்க ஏர்போர்ட்டிலும் பாங்கிலும் அதைப் பதித்து வைத்திருக்கிறார்கள். ஆனாலும் நம்மவர் அதைப் பார்த்ததும், "இது இம்போர்ட்டட்தானே?" என்று கேட்டு உறுதி செய்துகொள்வார்.

இன்னொரு வேடிக்கை, கறுப்பு கிரானைட் என்று நாம் சமையல் மேடையில் போடுவது எதுவும் புவியியல்காரர் கணக்கில் கிரானைட்டே கிடையாது. அவர்கள் அதை டோலரைட், கேப்ரோ என்பார்கள். கல் விற்கிற யார்டில் இதைச் சொன்னால் உதைப்பார்கள். அங்கே இலக்கணம் எளிது: எலுமிச்சைச் சாறு பட்டு முகம் சுளித்தால் மார்பிள், சுளிக்காவிட்டால் கிரானைட்.

பெயர் விஷயத்தில் யோக்கியமான கல் என்றால் குன்னம் பிளாக். திண்டிவனம் பக்கத்துக் குன்னம் கிராமத்தின் பெயரையே மாற்றாமல் வைத்துக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டில் கல்லறைக் கல்லாகப் பேர் போனது. உள்ளூரில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு கல் இருப்பதே தெரியாது.

கல்லறைக் கல் என்றதும் எங்கள் மாவட்டத்துப் பெருமை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. கல்கத்தாவுக்கு அஸ்திவாரம் போட்டவராகச் சொல்லப்படும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னக் அங்கே செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் அடக்கமாகியிருக்கிறார். அவர் தலைக்கு மேல் கிடக்கும் கல்லை 1893ல் ஆராய்ந்த இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட், இது தனி வகை என்று கண்டு, சார்னக் பெயரால் சார்னோக்கைட் என்று அழைத்தார். அந்தக் கல் எங்கிருந்து போனது என்கிறீர்கள்? பல்லாவரத்திலிருந்து. வெட்டினது நம்ம ஊர், சுமந்தது நம்ம ஆள், பெயர் மட்டும் கல்கத்தாவில் செத்துப்போனவருக்கு. பல்லாவரைட் என்று வைத்திருந்தால் குறைந்தா போயிருக்கும்? இன்றைக்கும் இத்தாலி கல் பார்க்க ஜி.எஸ்.டி. சாலையில் காரில் போகிறவர்கள் வழியெல்லாம் கடந்து போவது இந்தக் குன்றுகளைத்தான். நாம் அதை உடைத்து ஜல்லியாக்கித் தாருக்கு அடியில் போட்டோம். பரங்கிமலையில் மிச்சமிருப்பதை 1975ல் தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் என்று அறிவித்தார்கள். அடியில் ஜல்லியாகவும், மேலே நினைவுச் சின்னமாகவும் இருக்கிற கொடுப்பினை வேறு எந்தக் கல்லுக்கும் வாய்க்காது.

அதே பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் சரளைக் குழியிலிருந்து ஒரு கல்லாயுதத்தை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததற்குக் கிடைத்த முதல் சாட்சி அது. எல்லோரும் ஃபூட்டைப் பாராட்டுவார்கள். எனக்கு மரியாதை எல்லாம் அந்த ஆயுதத்தைச் செய்தவர் மேல்தான். கண்ணெதிரே மலை மலையாகச் சார்னோக்கைட் கிடக்கிறது. மனிதர் அதைத் தொடவில்லை. தட்டினால் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து, கூரான விளிம்பு தரும் குவார்ட்சைட்டைத் தேடி எடுத்திருக்கிறார். என்ன வேலைக்கு என்று முதலில் முடிவு செய்துவிட்டுக் கல்லைத் தேடிய ஆள். கையில் போன் இல்லாததால் யார் வீட்டு லாபி படமும் அவரைக் குழப்பவில்லை.

இனி யார்டுக்கு வருவோம். நான்கு அங்குல சாம்பிள் துண்டைப் பார்த்து ஆர்டர் கொடுக்கிறவர்களை நான் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். சாம்பிளில் பால் நிறமாகச் சாதுவாக இருந்த கல்லில், முழு ஸ்லாப்பைப் பார்த்தால் நடுவே பழுப்பு நரம்பு ஒன்று குறுக்கே ஓடும். ஆகவே நேரில் போக வேண்டும், வெயிலில் நிற்க வேண்டும், இரும்பு ஸ்டாண்டில் சாய்த்து வைத்த ஸ்லாப்புகளுக்கு நடுவே ஒருக்களித்து நடக்க வேண்டும். அதற்கென்று ஒரு பை வைத்திருக்கிறேன். உள்ளே தண்ணீர் பாட்டில், எலுமிச்சம்பழம், வெள்ளைத் துணி, நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம், சாக்பீஸ், ஒரு ஐந்து ரூபாய் நாணயம். இரவில் ஒரு செக்போஸ்ட்டில் பையைப் பிரித்துப் பார்த்த காவலர் எலுமிச்சம்பழத்தையும் வெள்ளைத் துணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க போறீங்க?"

"கல்லு பாக்கப் போனேன் சார். திரும்பி வரேன்."

"எந்தக் கோயில்?"

விளக்கம் சொல்லத் தெம்பு இல்லை. "மலை மேல" என்றேன். பயபக்தியோடு வழி விட்டார்.

ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது. பாலிஷ் போடாத கல்லில் தண்ணீர் ஊற்றினால் பாலிஷ் போட்ட பின் வரப்போகும் நிறம் தெரிந்துவிடும். பாலிஷ் போட்ட கல்லில் ஒரு சொட்டு விட்டுக் காத்திருந்தால், உறிஞ்சிக்கொண்டு கறுக்கிறதா, அப்படியே நிற்கிறதா என்று தெரியும். உறிஞ்சுகிற கல் நாளைக்கு நல்லெண்ணெயையும் உறிஞ்சும். எலுமிச்சை, மேலே சொன்ன மார்பிள் சோதனைக்கு. நெயில் பாலிஷ் திரவம் கறுப்புக் கல்லுக்கு. சாம்பல் கல்லுக்கு மை ஏற்றிக் கன்னங்கறேல் என்று நிற்க வைத்திருப்பார்கள். வெள்ளைத் துணியில் நனைத்துத் துடைத்தால் கறுப்பு துணிக்கு வந்துவிடும். ஒரு யார்டில் அப்படித் துணியைக் காட்டினேன். அங்கிருந்த அண்ணன் அசரவில்லை. "தூசு சார், ரோட்டோரம் பாருங்க" என்றார். துடைத்த இடம் மட்டும் சாம்பலாக எங்களைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது.

நாணயம் தட்டிப் பார்க்க. நல்ல ஸ்லாப்பை ஓரத்திலிருந்து ஓரம் வரை தட்டிக்கொண்டே வந்தால் ஒரே குரலில் கணீரென்று பேசும். விரிசல் இருக்கிற இடத்தில் குரல் கம்மும். ரெசின் பூசி அடைத்து, முதுகில் ஃபைபர் வலை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடலாம். குரலை மட்டும் ஒட்ட முடியாது. கம்மின இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவேன். நான் போட்டுக்கொண்டே போக, யார்டுப் பையன் பின்னாலேயே ஈரத் துணியோடு அழித்துக்கொண்டே வருவான். இருவருக்கும் அதில் பகையில்லை, அவரவர் உத்தியோகம்.

எடை வேறு இருக்கிறது. இருபது மில்லிமீட்டர் கிரானைட் சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ. பத்துக்கு ஆறு அடி ஸ்லாப் ஒன்று 300 கிலோ. இதைச் சொன்னால், "லிஃப்ட்ல வராதா?" என்பார்கள். லிஃப்டில் எழுதி ஒட்டியிருப்பது மனிதர்களுக்கான கணக்கு.

இத்தாலிய மார்பிள் பற்றி எனக்கு விரோதம் எதுவும் இல்லை. கராரா மலையில் வெட்டி எடுக்கிற ஸ்டாட்டுவாரியோவை நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் எனக்கும் சபலம் தட்டத்தான் செய்யும். பக்கத்துப் பக்கத்தில் அறுத்த இரண்டு ஸ்லாப்பைப் புத்தகம் விரித்தாற்போல ஒட்டினால், இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும் நடுவில் கைகோர்த்து நிற்கும். லாபிச் சுவருக்கு அதைவிட அழகு கிடையாது. சுவர் எதையும் சமைப்பதில்லை. வம்பு வருவது அதைச் சமையல் மேடைக்குக் கொண்டுவரும்போது.

வடநெம்மேலிப் பக்கம் ஒரு பங்களா. கடலைப் பார்த்த சமையலறை, நடுவில் தீவு போல ஒரு மேடை, முழுக்க ஸ்டாட்டுவாரியோ என்று மருமகள் முடிவு செய்திருந்தார். கல் தேர்வுக்கு மதுராந்தகத்திலிருந்து மாமியாரும் வந்திருந்தார். ஸ்லாப்பைச் சுற்றி ஒரு முறை நடந்தார், குனிந்து முகர்ந்தும் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"புளிக்குழம்பு தாங்குமா, சார்?"

"கொட்டினா உடனே துடைச்சிடணும்மா."

"உடனேன்னா?"

"உடனேன்னா... உடனே."

"சீலர் போட்டுக்கலாம் ஆன்ட்டி" என்றார் டிசைனர்.

இங்கேதான் நான் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. சீலர் போட்டால் மஞ்சள் கறை உள்ளே இறங்குவது குறையும், சரி. புளிப்பு அதற்கெல்லாம் பயப்படாது. மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். புளி, எலுமிச்சை, தயிர், ரசம், தக்காளி எது பட்டாலும் அமிலம் கல்லையே கொஞ்சம் தின்றுவிடும். கறை அல்ல அது, பாலிஷ் போன இடம். துடைத்தால் போகாது, தேய்த்துத் திரும்பப் பாலிஷ் போட வேண்டும். இத்தாலிக்காரர்களும் எலுமிச்சை பிழிகிறவர்கள்தான், தக்காளி கொட்டுகிறவர்கள்தான். அவர்கள் அந்தத் தழும்புகளை வீட்டுக்கு வயதாகிற அழகு என்று எடுத்துக்கொள்கிறார்களாம். மதுராந்தகத்தில் அதற்குப் பெயர் அழுக்கு.

மாமியார் தலையாட்டினார். "அப்ப இதுல என்னதான் பண்ணலாம்?"

யோசித்துப் பார்த்தேன். "தண்ணி குடிக்கலாம்மா."

கடைசியில் இந்தக் கடற்கரை முழுக்க நடக்கிற சமரசம்தான் அங்கேயும் நடந்தது. வருகிறவர்கள் பார்க்க ஒரு சமையலறை, பின்னால் சமைப்பதற்கு ஒரு சமையலறை. முன்னதில் ஸ்டாட்டுவாரியோ, அதன்மேல் ஒரு தட்டில் மூன்று பச்சை ஆப்பிள். பின்னதில் கறுப்புக் கல், மிக்ஸி, கிரைண்டர், மாமியார். கறுப்புக் கல்லை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்க் கல்லு?" என்றார்.

"குன்னம்மா. திண்டிவனம் பக்கம்."

"எங்க சின்ன அத்தையக் கட்டிக்கொடுத்த பக்கம். நல்லாத்தான் இருக்கும்."

அந்த ஊர்க் கல்லுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் யாரும் தந்திருக்க மாட்டார்கள்.

ஓட்டல்களில் மாமியார் இல்லை. அந்த இடத்தில் கடல் இருக்கிறது. 1974ல் கோவளத்தில் பழைய டச்சுக் கோட்டை இருந்த இடத்தில் தாஜ் குழுமத்தின் ஃபிஷர்மேன்ஸ் கோவ் வந்த காலத்தில் இந்தக் கரையில் சவுக்குத் தோப்புகள்தான் அதிகம். இன்றைக்குத் தோப்பு குறைந்து ஓட்டல்கள் அதிகம். உப்புக் காற்று மட்டும் குறையவில்லை. அது செய்கிற வேலை மெதுவானது. காற்றில் வரும் உப்பு, ஈரத்தோடு கல்லின் நுண்துளைக்குள் இறங்கும். வெயில் வந்ததும் நீர் போய்விடும், உப்பு படிகமாகி உள்ளிருந்து நெம்பும். மறுநாள் மறுபடியும். மணற்கல், சுண்ணாம்புக்கல் எல்லாம் இந்த நெம்பலில் மாவாகவும் செதிலாகவும் உதிரும். நல்ல கிரானைட் தன் எடையில் 0.4 சதவீதத்துக்கும் குறைவாகவே நீரை உறிஞ்சுவதால் தாக்குப்பிடிக்கிறது. அதற்கும் வயசாகும். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்மன் கட்டிய கடற்கரைக் கோயிலில் சிற்பங்களின் மூக்கும் விரலும் மழுங்கிப்போயிருப்பதைப் பாருங்கள். தொல்லியல் துறையினர் கல்லின்மேல் ஈரக் காகிதக் கூழைப் பூசிக் காயவிட்டு உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். பல்லவர் கல்லுக்கே ஃபேஸ்பேக் தேவைப்படுகிற ஊரில், ஓட்டை ஓட்டையாக இருக்கிற டிராவர்டைனை நீச்சல் குளத்தைச் சுற்றிப் போடச் சொல்லி வருகிறார்கள். இரும்புச் சத்துள்ள வெள்ளைக் கல் இன்னும் மோசம். ஓட்டல் திறந்த இரண்டாம் மழைக்காலத்தில் அது துருப் பிடித்துக் காவி கட்டிவிடும். சுவரில் கல்லைப் பிடித்து நிற்கும் கிளாம்ப்கூட 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கல் நன்றாகத்தான் இருக்கும், இடம் மட்டும் சுவரிலிருந்து தரைக்கு மாறிவிடும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு ரிசார்ட் வேலை. குளக்கரை முழுக்கப் பளபளக்கும் கறுப்பு என்று வெளிமாநில ஆர்க்கிடெக்ட் வரைந்திருந்தார். படத்தில் பிரமாதமாக இருந்தது. படத்தில் நேரம் அந்திப் பொழுது. நான் எதிர்த்துப் பேசவில்லை. கறுப்பில் நாலு ஸ்லாப், வெளிர் சாம்பலில் நாலு ஸ்லாப் வாங்கிச் சைட்டில் பரப்பி வைத்துவிட்டு, கத்திரி வெயில் நாளில் பகல் பன்னிரண்டரைக்கு அங்கேயே மீட்டிங் போடச் சொன்னேன். "கெஸ்ட் வெறுங்காலோடதான் வருவாங்க, நாமளும் ஷூவைக் கழட்டிடலாம்" என்றேன். முதலாளி, ஆர்க்கிடெக்ட், மேனேஜர் எல்லோரும் கறுப்பின்மேல் ஏறினார்கள். சித்திரை மாதத்தில் திருக்கழுக்குன்றம் பிராகாரம் சுற்றியவர்களுக்கு அடுத்து நடந்தது புரியும். நான் வேலை பார்த்த காலத்தில் அத்தனை சீக்கிரம் ஒருமனதாக முடிந்த கூட்டம் வேறில்லை. ஆர்க்கிடெக்ட் மட்டும் சாம்பல் கல்லின்மேல் நின்றபடி, ஒரு காலை இன்னொரு காலால் தேய்த்துக்கொண்டு, "கலர் ஓகே, பட் டெக்ஸ்சர்?" என்றார்.

டெக்ஸ்சர் என்றால் சொரசொரப்பு. ஈரக் கால் வழுக்கக் கூடாது. தீ நாக்கால் சுட்டுப் பொரிய வைப்பது ஒரு வகை, தோல் போல மெருகிடும் லெதர் ஃபினிஷ் ஒரு வகை. ஆர்க்கிடெக்ட் கேட்டது புஷ் ஹாமர்டு. போனில் இத்தாலி இயந்திரம் ஒன்று கல்லைக் கொத்துகிற வீடியோ காட்டினார். எங்கள் மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் சார், இது அம்மி கொத்துறதுதானே?" என்றார்.

இரண்டு நாளில் ஒரு பெரியவரைக் கூட்டி வந்தார். ஒரு காலத்தில் "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று தெருத் தெருவாகப் போனவர். மிக்ஸி வந்து தொழிலைக் கொத்திக்கொண்டு போனது. உளியும் சுத்தியலும் மட்டும் சாக்குப் பையில் எண்ணெய் பூசிப் பத்திரமாக இருந்தன. மாதிரிக்கு ஒரு கல்லைக் கொடுத்தோம். சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஓரத்திலிருந்து வரிசை பிடித்து, புள்ளிக்குப் புள்ளி இடைவெளி மாறாமல் கொத்திக்கொண்டே போனார். நடுவில் தலை நிமிர்ந்து கேட்டார்:

"அரைக்கிறது யாரு, சார்?"

"அரைக்க இல்ல ஐயா. மேல நடக்கறதுக்கு."

இவ்வளவு பெரிய இடத்தில் அம்மி மேல் ஏன் நடக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. கூலி சரியாக இருந்தது. கல்யாணத்தில் அம்மி மிதிப்பது உண்டுதானே என்று நினைத்துக்கொண்டிருப்பார். பெரிய பரப்பை இயந்திரம்தான் கொத்தியது. ஓரமும் படியும் அவரும் அவர் சேர்த்துக் கூட்டி வந்த இரண்டு பேரும் கொத்தியவை. அந்த முதல் கல்லை இயந்திரக்காரரிடம் கொடுத்து, "இது மாதிரி வரணும்" என்றார் ஆர்க்கிடெக்ட். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பாராட்டு அது.

அதே ரிசார்ட்டின் லாபிக்கு ஒரு புத்தர் வேண்டியிருந்தது. ஓட்டல் லாபியில் புத்தர் ஏன் என்று கேட்கக் கூடாது; அவர்தான் எந்த விருந்தாளியோடும் சண்டைக்குப் போகாதவர். மாமல்லபுரத்தில் சிலைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. 1957ல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1 அன்று திறந்த 133 அடி வள்ளுவரைச் செய்த கணபதி ஸ்தபதி அங்கே முதல்வராக இருந்தவர். 2004 சுனாமி அந்த வள்ளுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. கல் தேர்வுக்கு இதைவிடப் பெரிய பரீட்சை எந்த லேபிலும் கிடையாது. மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தெருவுக்குத் தெரு பட்டறை. உளிச் சத்தத்தை இப்போது கிரைண்டர் மிஷின் சத்தம் முழுங்கிவிடுகிறது என்பது தனிக் கதை.

முதலாளியைக் கூட்டிக்கொண்டு ஒரு ஸ்தபதியின் பட்டறைக்குப் போனேன். மரபில் கல்லை எப்படிப் பார்ப்பார்கள் என்று அவர் சுத்தியலால் தட்டிக் காட்டினார். வெண்கல மணியாக நீண்டு ஒலித்தால் ஆண் கல். தாளத்தின் நாதம் வந்தால் பெண் கல். நாதமே எழாதது நபுஞ்சகம். ஆண் தெய்வத்துக்கு முதலாவது, அம்மனுக்கு இரண்டாவது, அடியில் பரப்பவும் தளம் பாவவும் மூன்றாவது. நான் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துக்கொண்டு செய்கிற வேலைக்கு இவ்வளவு பெரிய வம்சாவளி இருப்பதில் எனக்குக் கொஞ்சம் நிமிர்வு வந்தது. முதலாளிக்கு வேறு கவலை வந்தது.

"ஐயா, அப்ப எங்க லாபித் தரையில போட்டிருக்கற கல்லு?"

"தரைதானே. கவலைப்படாதீங்க."

"சத்தம் வந்தா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. தேவைக்கு மேல நல்ல கல்லுன்னு அர்த்தம்."

வேலை முடிகிற வரைக்கும் முதலாளி சைட்டுக்கு வரும்போதெல்லாம் கார்ச் சாவியால் தரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். கணீரென்று வந்த இடத்திலெல்லாம் வருத்தப்பட்டார். இத்தனை நல்ல கல்லை மிதிக்கிறார்களே என்று.

திரும்புகிற வழியில் அவருக்கு வெண்ணெய் உருண்டையைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. சரிவில் விழுவேன் விழுவேன் என்று காலங்காலமாக மிரட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பாறை சுமார் 250 டன் என்பார்கள். 1908ல் கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானைகளை விட்டு இழுத்துப் பார்த்தும் அசையவில்லை என்று கைடுகள் சொல்வார்கள். முதலாளி சுற்றி வந்து பார்த்தார். "இதே மாதிரி ஒண்ணு நம்ம லாபில வெச்சா?" என்றார். நான் பதில் சொல்லாமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டேன். எதிர்முனையில் நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்து ரதங்களுக்கும் போனோம். பாறையை வாங்கி வரவில்லை, பாறை இருக்கிற இடத்துக்கு ஆள்தான் போயிருக்கிறது. மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். கை தவறினால் ஒட்டுப்போட ரெசினும் இல்லை, ஃபைபர் வலையும் இல்லை. பல்லவர்களில் இந்தப் பழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவன் மகேந்திரவர்மன். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமே இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டில் கல்வெட்டே வெட்டி வைத்திருக்கிறான். அப்படி ஒரு வாடிக்கையாளர் எனக்கு வாய்த்தால் சப்ளையர் பட்டியலே ஒரு வரியில் முடிந்துவிடும்.

முதலாளி ரதங்களின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்தார். "கீழ முடிக்கவே இல்லையே?"

"ஆமா சார். நிறைய இடத்துல பாதியில நிக்குது."

"ஏன்?"

அறிஞர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எனக்கு என் அனுபவத்தில் தோன்றியதைச் சொன்னேன். "மன்னர் மாறியிருப்பார் சார். புது மன்னர் பழைய பில்லைப் பாஸ் பண்ணியிருக்க மாட்டார்."

எனக்கும் அப்போது ஒரு பில் நிலுவையில் இருந்தது. அவர் பேச்சை மாற்றினார். ஆனால் அந்த வாரமே செக் வந்துவிட்டது. பல்லவர்களால் எனக்கு நேரடியாகக் கிடைத்த லாபம் அதுதான்.

ரிசார்ட் திறந்தார்கள். குளக்கரையில் குழந்தைகள் வெறுங்காலில் ஓடுகின்றன, யாரும் வழுக்கி விழவில்லை. அதைவிட எனக்கு ஒன்றும் வேண்டாம். திறப்பு விழாவில் ஒரு கையேடு கொடுத்தார்கள், வழவழ தாளில். குளக்கரைப் படத்துக்குக் கீழே "கையால் கொத்திய பல்லவா கிரிஜியோ" என்று போட்டிருந்தது. மதுராந்தகம் பக்கத்துக் குவாரியிலிருந்து வந்த எங்கள் சாம்பல் கல்லுக்கு மார்க்கெட்டிங் மேடம் வைத்த பெயர். கிரிஜியோ என்றால் இத்தாலியில் சாம்பல் நிறமாம். பெயர் வைக்கிற மனிதரைத் தேடிக்கொண்டிருந்தேன் என்றேனே, அவர் எனக்கு இரண்டு மேஜை தள்ளி இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் புதிதாக ஒரு வாடிக்கையாளர் வந்தார். நெம்மேலியில் மனை வாங்கியிருக்கிறார். உட்கார்ந்ததும் போனை எடுத்தார், படம் காட்டினார். அதே கையேடு, அதே பக்கம்.

"இதே கல்லுதான் வேணும் சார். செலவப் பத்திக் கவலை இல்ல. இத்தாலிலேர்ந்து வர எவ்வளவு நாள் ஆகும்?"

மதுராந்தகத்திலிருந்து லாரி காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் நெம்மேலியில் இறக்கிவிடலாம். அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் அத்தனை எதிர்பார்ப்பு.

"ரெண்டு மாசம் ஆகும் சார்" என்றேன்.

"அவ்வளவு சீக்கிரமாவா?" என்றார் அவர், கொஞ்சம் சந்தேகத்தோடு.